நெய்யாற்றின்கரைக்குத் தந்தி வந்த ஆண்டு

என்னை நெய்யாற்றின்கரைக்கு அனுப்பும்போதே ஓர் ஆண்டுதான் கெடு என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் ஊர்க்காரர்கள் போதுமான தந்திகள் கொடுத்தால் ஆபீஸ் நிலைக்கும். இல்லையென்றால் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். கருவிக்குப் பின்னால் நானும் போக வேண்டும். எங்கே என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

எனக்கு இருபத்துமூன்று வயது. கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. குன்னத்துகாலில் எங்கள் குடும்பத்தில் அப்பா, பெரியப்பா, அவர்களுக்கு முந்தியவர்கள் எல்லாரும் மகாராஜாவின் கச்சேரிகளில் எழுத்து வேலை பார்த்தவர்கள். நான் ஒருவன்தான் தந்தி படித்தேன். "வெள்ளைக்காரனுக்க கம்பியில தட்டிக்கிட்டு இருக்கதும் ஒரு உத்தியோகமாக்கும்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உத்தியோகமும் ஓராண்டில் பெட்டி கட்டப்படலாம் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

நெய்யாற்றின்கரைக்குத் தந்தி வேண்டும் என்று மனுப் போட வைத்தவர் ஒரு கொப்பரை வியாபாரி. அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் வருவதற்கு முந்தைய ஆண்டு, கொல்லத்திலிருந்து ஒரு கம்பெனி ஆள் ஊரைப் பார்க்க வந்திருந்தாராம். தெற்கே ஒரு பண்டகசாலை திறக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். சந்தை நாளன்று வியாபாரி அவரைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். ஒற்றசேகரமங்கலம் மலையடிவாரத்திலிருந்து மிளகும் சுக்கும் வந்து இறங்கின. காட்டாக்கடைப் பக்கத்திலிருந்து வாழைக்குலை வண்டிகள், பாறசாலைப் பக்கத்திலிருந்து கருப்பட்டிச் சிப்பங்கள், கடற்கரையிலிருந்து கருவாடு. ஆற்றில் இறங்கினால் வள்ளம் நேரே பூவார் வரைக்கும் போகும். கரையில் நல்ல ராஜபாட்டை. வந்தவருக்கு எல்லாம் பிடித்துவிட்டது. கடைசியில், "தந்தி உண்டா?" என்று கேட்டார். வியாபாரி தலைக்கு மேலே கையைக் காட்டினார். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் கம்பி அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கம்பி உண்டு, ஆபீஸ் இல்லை. ஆலப்புழை விலையை மூன்று நாள் கழித்துத் தெரிந்துகொள்கிற ஊரில் பண்டகசாலை வைத்து என்ன செய்வது என்று கேட்டுவிட்டு அவர் வண்டியேறிவிட்டார்.

அந்த அவமானத்தில் போட்ட மனுதான் என்னைக் கொண்டுவந்தது. சந்தைக்குப் பக்கத்தில், சாலையோரம் இரண்டு அறை உள்ள ஒரு கட்டடம். முன்னறையில் கருவியும் நானும். நான் வந்த நாளில் வியாபாரிகள் மாலை கொண்டுவந்தார்கள். கருவி கட்கட என்று பேசுவதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை.

தந்தி என்றால் சாவு என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம். ஆபீஸ் வாசல் வந்ததும் சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு மாறி நடப்பவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். தந்திகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் எங்கள் சேவகர் ஐம்பது வயதைத் தாண்டியவர். முன்பு சர்க்கார் அஞ்சலில் மணி கட்டிய ஈட்டியோடு ஓடியவர். அவருடைய மணிச் சத்தம் கேட்டால் வீட்டு வாசலுக்கு வந்து காத்திருந்தவர்கள், இப்போது அவர் தெருவில் திரும்பினாலே கதவைச் சாத்தினார்கள். அமரவிளைப் பக்கம் ஒரு வீட்டில் அவர்மேல் ஒரு பானைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். உறைக்குள் இருந்தது மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி. "நான் சொல்ல வாய் தொறக்கதுக்கு மின்னேயே ஊத்திப்போட்டினும்" என்று நனைந்த வேட்டியோடு வந்து நின்றார்.

என் மனைவிக்கு வேறு மாதிரி. காலையில் சந்தைக்குப் போனால் காய்கறிக்காரிகள் அவளுக்கு முதல் விற்பனை செய்ய மறுத்தார்கள். தந்திக்காரன் பெண்டாட்டி கையால் போணி ஆனால் அன்றைய வியாபாரம் விளங்காதாம். வேறு யாராவது ஒரு பிடி கீரையாவது வாங்கும் வரை அவள் கூடையோடு ஓரமாக நிற்பாள். இதை அவள் என்னிடம் அழுதுகொண்டு சொல்லவில்லை. கத்தரிக்காய் அரிந்துகொண்டே, "இன்னைக்கு ரெண்டு நாழிகை நின்னேன்" என்று மட்டும் சொல்வாள்.

வியாபாரிகளுக்குச் சாவு பயமில்லை. அவர்களுடைய பயம் நான்தான். தந்தியை ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆகவே என்னிடம் சொல்லித்தான் எழுத வேண்டும். மனுப் போட்ட கொப்பரை வியாபாரியிடமே ஒருநாள் கேட்டேன், நீங்களே வரவில்லையென்றால் எப்படி என்று.

"தம்பி, தெற்றா நினைக்காண்டாம்" என்றார். "நான் கேக்குத வெலை என்னான்னு நீரு அறிவீரு. நீரு அறிஞ்சா உம்ம சேவகன் அறிவான். அவன் அறிஞ்சா சந்தை முழுக்க அறியும். பின்ன நான் எதுக்கு கம்பிக்குக் காசு குடுக்கணும்?"

யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியப் பிரமாணம் செய்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறோம் என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. தந்தி வந்த பிறகும் அவர் திருவனந்தபுரத்துக்கு ஆள் விட்டுத்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படியே ஆடி ஆவணி போயிற்று. சில நாட்களில் பதிவேட்டில் ஒரு வரிகூட விழாது. நான் கருவியைத் துடைப்பேன், மறுபடியும் துடைப்பேன்.

ஐப்பசியில் துலாவர்ஷ மழை பலமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை விட்டிருந்த நேரத்தில், முற்றத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மீன் கூடையை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு, படியேறாமல் கீழேயே நின்றாள். இப்படிப்பட்டவர்கள் ஆபீஸ் படி ஏறலாமா கூடாதா என்று அந்த நாளில் ஒரு சட்டமும் சொல்லவில்லை. ஆனால் அவளும் ஏறவில்லை, நானும் ஏறச் சொல்லவில்லை. நான்தான் இறங்கிப் போனேன்.

"ஏமானே, கம்பியில கேட்டா, கடலுக்குப் போன ஆளு உயிரோட உண்டான்னு சொல்லுமா?"

"கம்பி சொல்லாது. அங்க இருக்கப்பட்ட ஆளு சொல்லணும். எங்க போனாவ?"

அவள் பூவார்க் கடற்கரைக்காரி. கருவாட்டு வியாபாரம் செய்கிற குடும்பம். அவள் கணவனும் தம்பியும் இன்னும் இரண்டு பேரும் பாய் விரித்த வள்ளத்தில் கருவாடு ஏற்றிக்கொண்டு ஆலப்புழைக்குப் போய் எட்டு நாள் ஆகிறது. போன மறுநாளே காற்று.

"கொல்லத்துக்குத் தெக்க ஒரு வள்ளம் மறிஞ்சுன்னு சொல்லினும். ஆருக்க வள்ளம்னு ஆருக்கும் தெரியாது. வீட்டுல இருந்து அழுதா ஆரு பதில் சொல்லுவா? அதான் வந்தேன்."

ஆலப்புழையில் அவர்களுடைய சரக்கை எடுக்கும் பண்டகசாலைக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு எழுதினோம். வள்ளம் வந்ததா, ஆட்கள் சுகமா. பதிலுக்கும் சேர்த்து அவளே காசு கட்டினாள். நான் உள்ளே போய் அடிக்கத் தொடங்கியதும் அவள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். கடைசி எழுத்து போனதும், "கேட்டாச்சா?" என்றாள்.

"கேட்டாச்சு."

"அங்க எத்தியிருக்குமா?"

"திருவனந்தபுரம் எத்தியாச்சு. அங்க இருந்து கொல்லம், பின்ன ஆலப்புழை."

அவள் வடக்கே போகும் கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொழுது சாயும் வரை முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். பதில் வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள் என்று கூடையை எடுத்துக்கொண்டு போனாள். பதில் வந்தால் எப்படியும் கொண்டுவந்து தருவோம் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் காலையில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். எட்டு மணி வாக்கில் கருவி கூப்பிட்டது. எங்கள் ஆபீஸின் பெயரைச் சொல்லி, ஆலப்புழையிலிருந்து என்றது. பென்சிலை எடுத்தேன்.

வள்ளம் என்ற சொல் வந்தது. அடுத்த சொல்லின் முதல் எழுத்து எஸ். இரண்டாவது ஏ. ஆங்கிலத்தில் மூழ்கியது என்பதும் பத்திரம் என்பதும் இதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகின்றன. மூன்றாவது எழுத்துதான் வேறு. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு என்று தந்தி படித்தவனுக்குத் தெரியும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. மூழ்கியது என்றால் முதலில் நீளமான தட்டு விழ வேண்டும். விழுந்தது குட்டைத் தட்டு. இன்னொரு குட்டை, பின்பு ஒரு நீளம், மறுபடியும் ஒரு குட்டை. அது எஃப். பத்திரம்.

மற்றதையும் எழுதி முடித்தேன். வள்ளம் பத்திரம், பாய்மரம் ஒடிந்தது, ஆட்கள் எல்லாரும் சுகம். ஒடிந்த மரத்தோடு எங்கோ கரையொதுங்கி, பின்பு மெதுவாகப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

சேவகர் முந்தின நாளே காட்டாக்கடைக்கு ஒரு தந்தியோடு போயிருந்தார். திரும்பவில்லை. அவர் வரும் வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. நேரம் ஆனதும் ஆபீஸைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "நீங்க ஏன் நிக்குதிய? போங்க" என்றாள். உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பூவாருக்கு நடந்தேன். ஏறக்குறைய ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அங்கே பெண்கள் எல்லாரும் மாதா கோயிலில் கூடி, போன ஆட்களுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் தென்னந்தோப்பைக் கடந்து மணலில் இறங்கியபோது அவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நான் செய்த மடத்தனம், உறையைப் பையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு போனது.

"தந்திக்காரன் வாறான்!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். ஒரு கிழவி மணலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். அழுகை ஒருத்தியிலிருந்து இன்னொருத்திக்குப் போனது. நான் இன்னும் ஐம்பது அடி தூரத்தில் இருக்கிறேன். நேற்று என் முற்றத்தில் நின்றவள் மட்டும் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிரோட உண்டு!" என்று கத்தினேன். "எல்லாரும் உயிரோட உண்டு, அக்கா!"

அவளை அக்கா என்று கூப்பிட்டது அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கடற்கரைக்காரர்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாயில் வந்தது அதுதான்.

அவள் பக்கத்தில் வந்து உறையைப் பிரிக்கச் சொன்னாள். "வாசியுங்க, ஏமானே. அதுல எழுதியிருக்கத மட்டும் வாசியுங்க. எங்களப் பாத்துப் பாவம்னு ஒண்ணும் சேத்துச் சொல்லாண்டாம்."

ஆங்கிலத்தில் ஒரு தடவை வாசித்தேன். பின்பு சொல் சொல்லாக விரலை வைத்து அர்த்தம் சொன்னேன். அப்போது இன்னொருத்தி முன்னால் வந்தாள். கைக்குழந்தைக்காரி. "எனக்க ஆளுக்க பேரு அதுல உண்டா?" பெயர் யாருடையதும் இல்லை என்றேன். அவள் முகம் வாடியது. எல்லாரும் என்று எழுதியிருக்கிறது, எல்லாரும் என்றால் நாலு பேரும் என்றேன். "அது எந்த எழுத்து?" என்றாள். காட்டினேன். அவள் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். பின்பு அந்தக் கிழவி. பின்பு தம்பியின் மனைவி. மீன் வாசனையும் மணலும் பட்டு அந்தக் காகிதம் ஒரு பக்கம் கசங்கிப் போயிற்று. சில பேர் சிரித்தார்கள், சில பேர் அப்போதுதான் அழத் தொடங்கினார்கள்.

எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நான் மறுக்காமல் குடித்தேன். இரண்டாவதும் கேட்டு வாங்கிக் குடித்தேன். திரும்பும்போது ஒருவர் என்னை வள்ளத்தில் ஏற்றி ஆற்றில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் அந்த ஊரில் அதற்கு முன்பு இருந்ததில்லை.

அடுத்த சந்தை நாளில் அவள் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை படியேறி உள்ளேயே வந்துவிட்டாள். நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"என்ன, அவிய வந்தாச்சா?"

"மரம் மாத்திட்டு வாறினும். அதுக்கில்ல வந்தது. சுறாக் கருவாடு அங்க என்ன வெலைன்னு கேக்க ஒக்குமா?"

ஒக்கும் என்றேன். கேட்டோம். சாயங்காலத்துக்குள் பதில் வந்தது. ஆலப்புழையில் விலை இறங்கியிருந்தது. அவள் கையிலிருந்த சரக்கை வடக்கே அனுப்பாமல் அன்றே தெற்கே கோட்டாற்றுச் சந்தைக்கு வண்டியில் ஏற்றினாள். மற்ற கருவாட்டுக்காரர்கள் தெரியாமல் வடக்கே கொண்டுபோய்ச் சந்தையில் முடங்கிக் கிடந்தார்கள். பத்து நாளில் இந்தச் செய்தி நெய்யாற்றின்கரை முழுவதும் பரவியது.

பதினோராம் நாள் கொப்பரை வியாபாரி வந்தார். உட்காரவில்லை.

"மீன்காரி அறிஞ்சு விக்கா. நான் அறியாம விக்கேன். இது சரியா, தம்பி?"

"நான் என்ன செய்யட்டும்? நான் அறிஞ்சா சந்தை அறியும்னு நீங்கதான் சொன்னிய."

அவர் மீசையைத் தடவினார். "அவளுக்க வெலைய நீரு ஆருக்கும் சொல்லலியே. நான் ஆள விட்டுக் கேட்டுப் பாத்தேன். உம்ம சேவகன் என்னப் பாத்துச் சிரிச்சான், ஒண்ணும் சொல்லல்ல." அப்படி ஒரு சோதனை நடந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்றாலும் அவர் முழுவதும் நம்பிவிடவில்லை. ஆலப்புழைத் தரகரிடம் பேசி ஒரு ரகசியப் பாஷை வைத்துக்கொண்டார். கொப்பரை என்றால் பெரியப்பா. விலை ஏறினால் காய்ச்சல் கூடுதல், இறங்கினால் காய்ச்சல் குறைந்தது. அவரைப் பார்த்து மிளகு வியாபாரி பெரியம்மாவை எடுத்துக்கொண்டார். சுக்கு வியாபாரிக்கு அத்தை. ஒரு மாதத்துக்குள் அந்த ஊரின் முழுக் குடும்பமும் நோயில் விழுந்தது. யார் எந்தச் சரக்கு என்பது எனக்கு ஒரு வாரத்தில் விளங்கிவிட்டது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அவளுக்கு வேறு சந்தோஷம் இருந்தது. பூவாரிலிருந்து வரும் பெண்கள் சந்தையில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்லிச் சொல்லிக் காய்கறிக்காரிகளின் மனம் மாறிவிட்டது. ஒருநாள் வெண்டைக்காய்க்காரி, "வா மக்கா, நீயே மொதல்ல எடு" என்று கூப்பிட்டாளாம். இவள் வேண்டாத வெண்டைக்காயையும் சேர்த்து இரண்டு நாளைக்கு வாங்கி வந்துவிட்டாள்.

ஆண்டு முடியும் நேரத்தில் மேலதிகாரி பார்வையிட வந்தார். சென்னைப்பட்டணத்துக்காரர், கண்டிப்பானவர். முதல் மாதங்களின் வெறும் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பின்பு கார்த்திகைக்குப் பிறகு வந்த பக்கங்களைப் பார்த்தார். நின்று நின்று வாசித்தார்.

"இது என்ன? ஒரு பெரியப்பாவுக்கு ஒரே வாரத்தில் மூன்று தரம் காய்ச்சல் ஏறி இறங்குகிறது. இந்த ஊரில் எல்லாரும் வியாதிக்காரர்களா?"

"அப்படித் தெரியவில்லை, சார்."

"அப்படியானால் இதற்கு என்ன அர்த்தம்?"

அவர் என் மேலதிகாரி. சொன்னால் குற்றமில்லை என்றும் தோன்றியது, சொல்லக் கூடாது என்றும் தோன்றியது. "கொடுக்கிறவர் எழுதச் சொல்வதை எழுதுகிறேன், சார். அர்த்தம் கேட்க எனக்கு அதிகாரமில்லை" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போகும்போது வாசலில் நின்று, "அர்த்தம் எனக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னார். முகத்தைப் பார்த்தால் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. அடுத்த மூன்று வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

உத்தரவு ஒரு திங்கட்கிழமை வந்தது. ஆபீஸ் நிரந்தரம். நானும் அங்கேயே. சேவகர் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெளியே போய் எதிர்க்கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னார். மத்தியானத்துக்குள் கொப்பரை வியாபாரி ஒரு பழக்குலையோடு வந்து சேர்ந்தார். கொல்லத்துக் கம்பெனிக்கு அவர் அன்றே தந்தி கொடுத்தார். அதில் பெரியப்பா யாரும் வரவில்லை. தந்தி ஆபீஸ் நிலைத்துவிட்டது, வந்து பாருங்கள் என்று திறந்த பாஷையில் எழுதச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஆற்றங்கரையில் அவர்களுடைய பண்டகசாலைக்கு ஓடு மேய்ந்தார்கள். தலைச்சுமைக்காரர்கள், வண்டிக்காரர்கள், சாக்குத் தைக்கும் பெண்கள் என்று எத்தனையோ பேருக்கு அங்கே வேலை கிடைத்தது.

உத்தரவு வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஓராண்டுக் கெடு என்ற விஷயத்தையே முதல்தடவையாக மனைவியிடம் சொன்னேன். அவளும் பயப்படுவாளே என்று அதுவரை மறைத்து வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "வந்த மொத வாரமே சேவகர் சொன்னாரு. நீங்க சொல்லலியேன்னு நானும் கேக்கல்ல. அதான் கனமா ஒண்ணும் வாங்காம இருந்தேன். பக்கத்து வீட்டுலதான் மாவாட்டிட்டு வாறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இனி ஒரு ஆட்டுக்கல் வாங்கலாமா?"

மறுநாள் வண்டி பிடித்து வாங்கிக்கொண்டு வந்தோம். நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.